பதினைந்து மீட்டர் கூடுதல்

அறுபது தண்ணீர்த் தொட்டிகளைக் கட்டி மேய்ப்பதுதான் அவர் உத்தியோகம். எல்லோருக்கும் அவர் தொட்டி அண்ணன். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது, குளிக்கவும் கூடாது. புதிதாக வருகிறவர்கள் எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று கேட்டால், "மேலேருந்து வர்றவங்க குதிச்சுக் குளிக்க" என்பார் முகத்தைச் சுளிக்காமல்.

பொய்யும் இல்லை. விண்வெளியில் எங்கிருந்தோ பாய்ந்து வரும் ஒரு துகள் காற்றில் மோதிச் சிதறி, கோடிக்கணக்கான பொடித்துகள்களாகத் தரையில் மழைபோல் இறங்கும். தொட்டித் தண்ணீரில் அது விழும்போது மினுக்கென்று ஒரு வெளிச்சம்; அந்தச் செய்தி கேபிள் வழியாகத் தொட்டியோரப் பெட்டிக்குப் போய் நேரம் பதிவாகும். எந்தத் தொட்டி முந்தியது, எது பிந்தியது என்று பார்த்தால் துகள் வானத்தின் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். எல்லாம் நொடியைக் கோடிக் கூறாக்கும் கணக்கு.

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு பகல் பதினோரு மணிக்கு ஒன்று வந்தது. அதுவரை வந்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஆற்றல். ஆராய்ச்சியை நடத்தும் மேடம் திசையைக் கணக்கிட்டார். அந்தப் பக்கம் வெடித்த விண்மீனும் இல்லை, கருந்துளை உள்ள விண்மீன் மண்டலமும் இல்லை. வெறும் இருட்டு.

"இவ்வளவு பலமா எறியணும்னா எறியறதுக்கு ஒண்ணு இருக்கணுமேண்ணா" என்று புலம்பினார். "கேபிள் எல்லாம் பத்து மீட்டர்தானே?"

"பராமரிப்புப் படிவத்துல எழுதியிருக்கேனே மேடம்."

அத்தோடு அந்த அம்மாள் தன் கணக்கையே சந்தேகப்பட ஆரம்பித்தார். நான்கு வருடத்தில் தலை பாதி நரைத்துவிட்டது. பொறுத்துப் பார்த்த தலைமையகம் கடைசியில் இடத்தை மூடச் சொல்லிவிட்டது.

பாதித் தொட்டிகளின் தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகு, அண்ணன் கிழக்கு மூலைக்கு வந்தார். பெட்டியைக் கழற்றியதும் பின்னாலிருந்து கேபிள் சுருள் ஒன்று பொத்தென்று விழுந்தது. பக்கத்து இரண்டு தொட்டிகளிலும் அதேபோல் சுருள்.

மூன்று தொட்டிகளின் கேபிளையும் எலி கடித்த அந்த நாள் நினைவுக்கு வந்தது. பத்து மீட்டர் கேபிள் கையிருப்பில் இல்லை, இருந்தது இருபத்தைந்து மீட்டர். மாட்டிவிட்டு மிச்சத்தைச் சுருட்டிச் செருகினார். கேபிள் நீண்டால் தொட்டியின் நேரம் பிசகும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவர், கைப்பழக்கத்தில் படிவத்தில் பத்து என்று எழுதினார். அன்று மண்டையில் ஆஸ்பத்திரி மட்டும்தான் இருந்தது. அதற்குப் பதினோராம் நாள் அந்தத் துகள் வந்தது.

பழைய சாமான் லாரி பத்தடியில் நின்றது. தூக்கிப் போட்டால் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. போடத்தான் நினைத்தார், கையையும் ஓங்கினார். பிறகு மூன்று சுருளையும் தோளில் மாட்டிக்கொண்டு மேடம் அறைக்கு நடந்தார்.

அண்ணன் சொன்னதைக் கேட்ட மேடம் ஒரு சுருளைப் பிரித்து டேப் வைத்து அளந்தார், கட்டிவைத்த கணினியைப் பிரித்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் திரையிலிருந்த புள்ளி நகர்ந்து, பெரிய கருந்துளை ஒன்றைச் சுமக்கும் மண்டலத்தின் மேல் போய் நின்றது.

"இங்கதான் இருந்திருக்கு" என்றார். குரல் உடைந்தது. "நாலு வருஷம்ணா. இப்ப பாதித் தொட்டியில தண்ணிகூட இல்ல. நீங்க தப்பே எழுத மாட்டீங்களே, அன்னைக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு?"

மேடம் கோபத்தோடு படிவத்தைத் தேடி எடுத்தார். தேதி இருந்தது. அடியில் மேடத்தின் சொந்தக் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'விடுப்பு நாளைக்கு. மூன்றும் இன்றே முடிய வேண்டும்.'

மேடத்தின் விரல் மறுபடி தேதிக்குப் போனது.

"அண்ணி போனது அன்னைக்குத்தானே?"

"ஆமா மேடம்."

"முடிச்சிட்டுப் போய்ப் பாத்தீங்கல்ல?"

அண்ணன் தோளில் மிச்சமிருந்த இரண்டு சுருள்களையும் ஒவ்வொன்றாக மேசைமேல் இறக்கி வைத்தார்.

"இருபது நிமிஷம் பிந்திட்டேன்" என்றார்.