பென்சிலில் எழுதச் சொன்ன கஜேந்திரன்

செய்தி வந்தபோது நான் கணினியின் முன் உட்கார்ந்து ஒரு பள்ளிப் பாடநூலுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். பகல் பதினொரு மணி இருக்கும். நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் வரதராஜன் மூன்று வரிகள் போட்டிருந்தார். பின் தெருவில் வசித்த, தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற கஜேந்திரன் காலையில் மாரடைப்பால் காலமாகிவிட்டார். பெயரில் பிழை இருக்குமோ என்று இரண்டு முறை படித்தேன். வரதராஜனின் எண்ணிலிருந்துதான் வந்ததா என்றும் பார்த்தேன். நாற்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவனுக்கு எதையும் ஒரே வாசிப்பில் நம்பும் பழக்கம் போய்விடுகிறது. செய்தி சரியாகத்தான் இருந்தது. என் கணினி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அது யாரால் ஓடுகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இரங்கல் கூட்டத்தில் நான் பேசவில்லை. எழுந்து நின்றால் என் குரல் போய்விடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது அவரைப் பற்றி வரதராஜனிடம் நான் ஒன்று சொன்னேன். அது வரதராஜனோடு நிற்கவில்லை. உங்களில் பலருக்கும் வந்து சேர்ந்திருக்கும். அதை எழுத்தில் திரும்பப் பெறுவதற்காகவே நம் சங்கத்தின் இதழுக்கு இதை எழுதுகிறேன். வரதராஜனும் சம்மதித்துவிட்டார். இதையாவது சரியாக எழுதுவேனா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

கடையில் கட்டித் தரும் கணினியை வாங்க எனக்குப் பயம். மூடிய பெட்டிக்குள் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? கஜேந்திரன்தான், "சாமான் தனித்தனியா வாங்கலாம் சார், நாமளே பூட்டிக்கலாம்" என்றார். பெருங்களத்தூரில் ரயிலேறி, கணினிச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் வந்தோம். அடுத்த நாள் என் சாப்பாட்டு மேசையில் அவர் ஒவ்வொரு பாகமாகப் பொருத்தினார். பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். பில்களை ஒரு கோப்பில் நாள்வாரியாக வைத்தேன்.

"இன்னா சார், கொழந்தைக்கு ஜாதகம் எழுதற மாரி எழுதறீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை.

பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பதினோராம் நாள் திரை நீலமாக மாறி, ஏதோ ஆங்கில எச்சரிக்கையைக் காட்டி, தானே அணைந்து மறுபடி உயிர்பெற்றது. முப்பத்தெட்டுப் பக்கத் திருத்தங்கள் போயின. அதன் பிறகு தினமும் நின்றது; சில நாள் மூன்று முறை. நான் நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டேன்: நாள், நேரம், அப்போது செய்த வேலை, சந்தேகம். சந்தேகத்தின் கீழ் மின்வாரியம், யு.பி.எஸ்., மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டார், கணினியின் பாகங்களை அடைத்து வைத்த கேபினட் பெட்டியின் பின்னால் திரிந்த பல்லி, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரின் வைஃபை என்று பெயர்கள் சேர்ந்தன. இதற்கிடையில் பதிப்பகத்திலிருந்து, இன்னொரு முறை தாமதமானால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். இந்த வயதில் என்னைத் தேடி வரும் ஒரே வேலை அது.

ஒவ்வொரு புதன்கிழமையும் கஜேந்திரன் ஒரு திருப்புளியோடும், பள்ளிப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்க வைத்திருக்கும் ஒரு ரப்பரோடும் வருவார். கணினிக்குள் ரேம் என்று ஒரு பச்சைப் பட்டை இருக்கிறது. ஒரு ஜாண் நீளம்கூட இல்லை. அதன் விளிம்பில் பொன்னிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். அதைக் கழற்றி, அந்தப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்ப்பார். "பல்லு வெளக்கி வுட்டா சில நேரம் சரியாப் பூடும்" என்பார். இரண்டு நாள் சரியாக இருக்கும். பிறகு மறுபடி நீலத் திரை.

ஒருநாள் என் நோட்டை வாங்கிப் படித்தார். "மோட்டாரு, வைஃபை, பல்லி... ஊர்ல ஒருத்தரையும் வுட்டு வைக்கல போலக் கீது. பல்லி இன்னா சார் பண்ணுச்சு உங்கள?"

"உள்ளே போய் ஷார்ட் ஆகலாம் இல்லையா?"

"ஆவலாம். ஆனா பேனால எழுதிட்டீங்களே. சந்தேகத்த எல்லாம் பென்சில்ல எழுதணும் சார். நாளைக்கு அது இல்லனு தெரிஞ்சா அழிச்சுக்கலாம்."

பென்சில் எழுத்து மங்கிவிடும், பதிவு என்றால் மையில்தான் இருக்க வேண்டும் என்றேன்.

"அப்ப அந்தப் பல்லிக்கு மன்னிப்பே கெடையாதா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பல் விளக்கத் தொடங்கினார்.

அவருக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. "ஒரு வாரத்துக்கு ஒண்ணுதான் மாத்தணும். ரெண்டு மாத்திட்டா எது வேல செஞ்சிச்சுனு கடவுளுக்கும் தெரியாது." அந்த முறைப்படி முதலில், கணினிக்குள் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைச் சோதிக்க, தன் வீட்டுக் கணினியிலிருந்த பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தார். பிறர் பொருள் என் வீட்டில் இருப்பது எனக்குச் சங்கடம். "கீழ்க்காணும் பொருளைச் சோதனைக்காகப் பெற்றுக்கொண்டேன்" என்று இரண்டு படிகள் எழுதி, நான் கையெழுத்திட்டு, அவரையும் கையெழுத்திடச் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "துறையில முப்பத்தஞ்சு வருசம் இருந்தேன், இவ்ளோ கையெழுத்து கேக்கல" என்று சொல்லிக்கொண்டே போட்டார். என் பெட்டியில் பழுதில்லை என்று தெரிந்ததும் தன்னுடையதைத் திருப்பி எடுத்துப்போனார். அப்போதும் ஒரு கையெழுத்து வாங்கினேன்.

அடுத்த புதன்கிழமை நான் காபி கலக்க உள்ளே போயிருந்தேன். திரும்பி வந்தபோது கேபினட்டின் மூடியை மாட்டித் திருகிக்கொண்டிருந்தார். "இனிமே பாருங்க சார்" என்றார். அன்றிலிருந்து கணினி நிற்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம்.

என் தவறை இங்கே சொல்ல வேண்டும். அதே வாரத்தில் அவரிடம் சொல்லாமல் வேறொருவரை வரவழைத்து யு.பி.எஸ்.ஸின் பேட்டரியை மாற்றியிருந்தேன். ஒரு வாரத்துக்கு ஒன்றுதான் என்ற அவருடைய கட்டுப்பாட்டை நானே மீறினேன். கணினி சரியானதும், அது பேட்டரியால் என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

மறு புதன்கிழமை வந்தவர் காபி குடித்துக்கொண்டே, "சார், அந்த ரேமு வாங்கின பில்லு கீதா?" என்று கேட்டார்.

"எதுக்கு?"

"சும்மாதான். ஒரு வேல கீது."

அந்தச் 'சும்மாதான்' எனக்கு உறுத்தியது. பில் கைக்கெட்டும் தூரத்தில் கோப்பில் இருந்தது. "தேடிப் பார்க்கணும்" என்றேன். அவர் போனதும் திருப்புளி எடுத்துக் கேபினட்டைத் திறந்தேன். உள்ளே இருந்த ரேம் என்னுடையதல்ல. அதே கம்பெனி, அதே அளவு. வரிசை எண் வேறு. ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. புதியதை எடுத்துக்கொண்டு தன் பழையதைப் போட்டிருக்கிறார், இப்போது பில்லையும் கேட்கிறார், விற்பதற்கு. எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. நோட்டில் சந்தேகத்தின் கீழ் அவருடைய முழுப்பெயரைப் பேனாவால் எழுதினேன்.

அவர் கடலோரத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். நம்மோடு இத்தனை ஆண்டு வாழ்ந்தும் தன் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். வரதராஜனைப் போலப் பேசுகிற ஒருவர் அதே பில்லைக் கேட்டிருந்தால் நான் கேபினட்டைத் திறந்திருப்பேனா? இந்தக் கேள்வியைப் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திறந்திருப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவரிடம் நேரில் கேட்கத் துணிவில்லை. ஏரிக்கரையில் நடக்கும்போது வரதராஜனிடம் சொன்னேன்.

"ஷ்யூரா சார்?" என்றார் அவர்.

"நம்பர் மாறியிருக்கு. ஆனா சந்தேகம்தான், வேற யார்கிட்டயும்..."

"கேட் கேமரா வேலையை அவர்கிட்ட குடுக்கறதா இருந்தோமே. கமிட்டியில சொல்லாம எப்படி இருக்கறது?"

"நான் தப்பாவும் இருக்கலாம்."

"நீங்க நம்பர் எழுதி வெச்சிருக்கீங்கன்னா தப்பா இருக்காது சார்."

நான் மறுக்கவில்லை. உள்ளுக்குள் சிறிது பெருமையாகக்கூட இருந்தது. வாசல் கேமராக்களைப் பொருத்தும் வேலையை வெளியாட்களிடம் கொடுத்தார்கள். கஜேந்திரன் அதற்காக வரைந்து வைத்திருந்த படத்தை யாரும் கேட்கவில்லை.

அவர் என் வீட்டுக்கு வருவதை நானே ஏதேதோ சொல்லித் தவிர்த்தேன். பால் பூத்தில் பார்த்துக்கொள்வோம்.

"மிசின் எப்டி சார் கீது?"

"ஓடுது."

"நிக்கலியே?"

"இல்லை."

"அது போதும். பில்லு கெடச்சுதா?"

"தேடிட்டிருக்கேன்."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதிலைச் சொன்னேன். கடைசி முறை, பால் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, "கேமரா வேல ஏன் சார் நமக்கு இல்லனுட்டாங்க? உங்களுக்கு எதுனா தெரியுமா?" என்றார். தெரியவில்லையே என்றேன். அதுதான் அவரிடம் நான் பேசிய கடைசி வார்த்தை.

அவர் இறந்த பத்தாம் நாள் அவர் மனைவி பூங்கொடி தொலைபேசியில் அழைத்தார். காரியத்துக்குப் பேனர் அடிக்கப் படம் வேண்டும். படங்களெல்லாம் அவருடைய கணினியில் இருக்கின்றன. அது இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. வந்து பார்க்க முடியுமா? எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம் வந்தது, பில்லைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிடுகிறாரோ என்று. நோட்டையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

கணினியைப் போட்டேன். இரண்டு நிமிடத்தில் திரை நீலமானது. அந்த நீலத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மூடியைக் கழற்றினேன். ரேமின் மேல் வெள்ளை ஒட்டுத்தாளில் பென்சிலால் எழுதியிருந்தது: 'சாருது. பில் வந்ததும் கம்பெனிக்கு அனுப்பணும்.' வரிசை எண்ணை நோட்டோடு ஒப்பிட்டேன். ஒரு முறை பார்த்து நம்பவில்லை. மூன்று முறை பார்த்தேன். என்னுடையதுதான்.

"இது எப்பலேர்ந்து இப்படி நிக்குது?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா சார். முன்ன நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு. உங்களுதுல இருந்த கெட்டுப்போனத இதுல போட்டுக்கினு, இதுல இருந்த நல்லத உங்களுக்குப் பூட்டிட்டாரு. உனக்கு இன்னாத்துக்குயா இந்த வேலன்னேன். அந்தாளு பொழப்பு அதுலதான் கீது, என்து நின்னா பாட்டுதான் நிக்கும்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அத்தனை துக்கத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொன்னா ரெண்டு பேப்பர்ல எழுதி கையெழுத்து கேப்பீங்களாம். கம்பெனில புதுசு குடுத்ததும் பூட்டிட்டு அப்பால சொல்லிக்கிறேன்னாரு." பிறகு, "பில்லு கெடைக்காம நீங்க ரொம்பத் தவிக்கிறீங்கன்னு சொல்லினே இருப்பாரு சார்" என்றார்.

நான் வீட்டுக்குப் போய், சிவப்புப் பொட்டு வைத்த ரேமைக் கழற்றி எடுத்துவந்து அவருடைய கணினியில் பொருத்தினேன். பொருத்தும் முன் அதன் பற்களை அவர் செய்வது போலவே ரப்பரால் தேய்த்தேன். அவருடைய மேசையில் அது அவர் வைத்த இடத்திலேயே இருந்தது; கிளம்பும்போது என் திருப்புளியோடு அதுவும் என்னிடம் வந்துவிட்டது. கணினி ஓடியது. பேனரில் நீங்கள் பார்த்த படம், ஏரிக்கரையில் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது, அப்படித்தான் கிடைத்தது.

அன்று பூங்கொடி அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. சென்ற வாரம் இந்தக் கட்டுரையின் முதல் படியை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, "போடுங்க சார். எல்லாரும் படிக்கட்டும். கேமரா வேல ஏன் பூச்சுனு கடைசி வரைக்கும் கேட்டுக்கினே இருந்தாரு" என்றார். நான் ரப்பரைத் திருப்பிக் கொடுத்தேன். "நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். அதை எந்தக் குரலில் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆகவே, நம் குடியிருப்பு அன்பர்களே, கஜேந்திரன் என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. தன்னுடையதைக் கொடுத்துவிட்டு என் பழுதை எடுத்துக்கொண்டார். நான் சொன்னதை யாரிடமாவது நீங்கள் சொல்லியிருந்தால், இதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

என் கணினியில் இப்போது என் ரேம் இருக்கிறது. இதைத் தட்டச்சு செய்யும்போது மூன்று முறை நின்றது. மூன்றையும் நோட்டில் குறித்தேன்; சந்தேகம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். இதை அனுப்பியதும் பில்லோடு அந்த ரேமைக் கம்பெனிக்கு அனுப்புவேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ரப்பர் ஒன்றுதான். ஒரு முனை மட்டும் கறுத்திருக்கும். நேற்று நோட்டைப் பிரித்து, அவர் பெயர் இருந்த இடத்தில் அதை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். தாள்தான் தேய்ந்தது. பெயர் அப்படியே இருக்கிறது.