விரல்காரரின் வலது கை

இந்த மனிதரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தவரைக் கவனித்துக்கொள்ள அனுப்பப்பட்டவள் நான்; பிடிப்பதும் பிடிக்காததும் என் வேலையில் சேராது. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கைகால்களை மடக்கி நீட்டுவது எல்லாம் நல்லவருக்கும் முசுடருக்கும் ஒன்றுதான்.

அவர் பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை ஒரு போல்ட்டைக்கூட முகம் சுளிக்காமல் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை என்று அவர் மனைவியே சொன்னார். அவரைக் கேட்டால் தான் ஒரு பேஸ் கிட்டார் கலைஞர் என்பார். நான்கே தடித்த தந்திகள் உள்ள கிட்டார் அது. பாட்டின் அடியில் கிடந்து உறுமும். நின்றுபோனால்தான் இவ்வளவு நேரம் இருந்தது என்றே தெரியும். வார இறுதிகளில் ஹோட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஒரு குழுவோடு வாசித்துவந்தார். இளவயதில் அந்தக் குழுவில் கிட்டாருக்கு மூன்று பேர் இருந்தார்களாம். மூவரில் மோசமானவரைப் பேஸுக்குத் தள்ளினார்கள். இதையும் மனைவிதான் சொன்னார். அதே கதையை அவர் சொன்னால், பேஸ் அவரைத் தேடி வந்து தேர்ந்தெடுத்ததாக இருக்கும்.

அவர் கூட்டாளிகள் அவரை 'விரல்காரர்' என்பார்கள். பேஸை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறித் தந்தியை இழுப்பது ஒன்று. பிக் என்கிற சின்ன பிளாஸ்டிக் வில்லையைப் பிடித்துத் தட்டுவது இன்னொன்று. கேட்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு எது எது என்று தெரியாது; நூறாவது ஆள் இன்னொரு பேஸ்காரர். அப்படிப்பட்ட விஷயத்துக்காக இவர் தன் மனைவியின் தம்பியோடு உறவை முறித்துக்கொண்டவர். மச்சான் பிக் பிடித்து வாசிப்பவர். ஒரு கல்யாணத்தில் மைக் திறந்திருக்கும்போதே இவர், "இவன் பேஸ் வாசிக்கிறானா, கேரட் துருவுறானா?" என்று கேட்க, மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு மச்சான் அக்கா வீட்டுக்கு, அத்தான் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்துபோனார்.

சனிக்கிழமைகளில் கூட்டாளிகள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பல் டாக்டர். தன் வீட்டுச் சுவரில், கண்ணாடிக்குப் பின்னால் நான்கு பழங்காலப் பேஸ்களை மாட்டிவைத்திருப்பவர்; எதையும் எடுத்து வாசிப்பதில்லை. இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக். வால்வு போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர்தான் ஆம்ப்ளிஃபயர் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாததால் அவர் பெயரே 'வால்வு' ஆகிவிட்டது. நோயாளி எப்படி இருக்கிறார் என்று இருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. நேராக மூலையில் சாய்த்து வைத்திருக்கும் அவருடைய பேஸுக்குப் போவார்கள்.

"அறுபத்தி நாலு. கழுத்து மரத்தப் பாருங்க தலைவரே, இந்த மரம் இப்ப விளையறதே இல்ல," என்பார் பல் டாக்டர்.

"அறுபத்தி அஞ்சு. திருகாணியோட தலையப் பாத்தாலே தெரியுது."

"திருகாணியப் பாத்து வருஷம் சொல்ற ஆளு நீ. காது எதுக்கு வச்சிருக்க?"

"காத வால்வு ஆம்ப்புக்குன்னு வச்சிருக்கேன். கண்ணாடிக்குள்ள தொங்கற உங்க டப்பாக்களுக்குக் கண்ணே போதும்."

படுக்கையில் கிடப்பவர் இதைக் கேட்டுப் பூரித்துப்போவார். அந்தத் தந்திகளில் கையழுக்கு கருப்பாகப் படிந்திருந்தது. எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு முறை கேட்டுவிட்டேன்.

"மாத்தறதா? சிஸ்டர், அந்த அழுக்குலதான் சத்தத்தோட டோனே இருக்கு," என்றார் அவர்.

"படுக்கைப் புண்ணுக்கும் இதே மாதிரி சமாதானம் சொல்ற வீடுங்கள நான் பாத்திருக்கேன்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது, கால் தேறிக்கொண்டிருந்தது. கைதான் பிரச்சினை. இந்தச் சில மாதங்களில் பழக்காவிட்டால் வலது கை உள்ளே சுருண்டு அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் அவருக்கும் மனைவிக்கும் நேராகவே சொல்லியிருந்தார். பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பெண் களிமண்ணைப் பிசையச் சொன்னாள், மரக்குச்சிகளைத் துளையில் செருகச் சொன்னாள். நான் என்ன குழந்தையா என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனித்தனியாக விரல்கள் அசையவில்லை. கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து அழுத்தத் தொடங்கியிருந்தது, சாவியைப் பிடிப்பது போல.

அந்தப் பெண் அதைப் பார்த்து மகிழ்ந்துபோனாள். "சார், இது சூப்பர். கிட்டார்காரங்க பிக் பிடிக்கறது இப்படித்தானே? அதையே பிடிச்சு வாசிங்க. இதைவிட நல்ல பயிற்சி கிடையாது."

அவர் அவளைப் பார்த்த பார்வையை நான் வேறு வீடுகளில் கண்டதுண்டு. முதியோர் இல்லம் பற்றிப் பேசும் மகனைத்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

மறுநாள் மனைவி கடையில் ஒரு பிக் வாங்கிவந்து தலையணை அருகே வைத்தார். சனிக்கிழமை பல் டாக்டர் அதைப் பார்த்தார், செத்த கரப்பானை எடுப்பது போல நகத்தால் தூக்கி மேசையில் போட்டார்.

"தலைவரே, நாப்பது வருஷம் விரல்ல வாசிச்ச கை இது. இதப் பிடிச்சு ஊர் சிரிக்க வாசிக்கறதவிட வாசிக்காமலே இருந்துடலாம். அதுதான் மரியாதை."

"டோன் விரல்லதான் இருக்கு," என்றார் வால்வு.

"கரெக்ட்," என்றார் படுத்திருந்தவர். அன்றிலிருந்து வலது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

முட்டாள்தனத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயோடு ஒளித்து ஒளித்து இனிப்புத் தின்பவர்களுக்காவது நாக்கில் கொஞ்சம் சுகம் கிடைக்கிறது. இவர் ஒரு கையையே விட்டுவிடத் தயாரானது, பிக்கில் வாசித்தால் சத்தம் கொஞ்சம் கணீரென்று கேட்கும் என்பதற்காக. நான் மூன்று வேளையும் கையை வெளியே எடுத்து நீட்டிவிடுவேன். அவர் ஒத்துழைக்கமாட்டார். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடியத் தொடங்கிவிட்டது. மனைவி பார்த்துவிட்டுப் போய்த் துணி மடித்தார்.

அடுத்த வாரமே இவர், பேஸையும் ஆம்ப்பையும் பல் டாக்டர் வீட்டுக்கே அனுப்பிவிடும்படி மனைவியிடம் சொன்னார். "அங்க மரியாதையா இருக்கும்."

அதாவது கண்ணாடிக்குப் பின்னால், ஐந்தாவதாக. கொண்டுபோக வண்டி வேண்டும். வண்டி வைத்திருப்பவர் மச்சான்தான், டைல்ஸ் கடைக்காரர். அக்கா கூப்பிட்டதும் வந்துவிட்டார். திட்டம் போட்டு வந்தார் என்று நினைக்க வேண்டாம். திட்டம் போடுகிற தலை இல்லை அது.

"அத்தான், ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ போட்டுப் பாத்துக்கறேன். அப்பறம் வழியில நான்தான் உடச்சேன்னு பழி வரும்."

இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மச்சான் அந்தப் பழைய வால்வு ஆம்ப்பைத் தட்டிவிட்டு உடனே தந்தியில் கை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"சூடாகட்டும்டா," என்று சுவரிலிருந்து குரல் வந்தது. பல வருடங்களுக்குப் பிறகு மச்சானிடம் பேசிய முதல் வார்த்தை.

சூடானது. மேசையில் கிடந்த பிக்கை எடுத்து மச்சான் வாசித்தார். எனக்கு இசை தெரியாது, ஆனால் கதவு ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று தெரியும்.

"தந்தி முடியற எடத்துல ஏன்டா போய் அடிக்கற? நடுவுக்கு வா."

"எனக்கு இங்கதான் வரும் அத்தான்."

"முழங்கையோட அடிக்காத. சம்மட்டியா பிடிச்சிருக்க? மணிக்கட்ட ஆட்டு. பிக்க அவ்வளவு நீட்டிப் பிடிக்காத, நுனி மட்டும் தெரியட்டும்."

மச்சான் நிறுத்தினார். "பிக்கப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் இந்தப் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது, நான் ரத்த அழுத்தக் கருவியைத் தேடினேன்.

"குடு."

"எத?"

"ரெண்டையும்."

உட்காரவைத்து முழங்கைக்கடியில் தலையணை கொடுத்தேன். மடியில் பேஸை வைத்து, இடது கையால் பிக்கை எடுத்து வலது கட்டைவிரலுக்குள் செருகிக்கொண்டார். முதல் அடியில் அது தெறித்துக் கட்டிலுக்கடியில் விழுந்தது. மச்சான் சிரித்தார். நல்லவேளை, சிரித்தார். நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது தடவையும் விழுந்தது. மூன்றாவதில் அடித் தந்தி உறுமி ஜன்னல் அதிர்ந்தது.

"அசிங்கமா இருக்கு," என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா உன்னோடது அளவுக்கு இல்ல."

அன்று வண்டி காலியாகத் திரும்பியது. மச்சான் தினமும் கடை மூடிவிட்டு வந்தார், தினமும் மோசமாக வாசித்தார், தினமும் இவர் பிடுங்கித் திருத்தினார். நானும் பிசியோ பெண்ணும் கெஞ்சி நடக்காத வேலை, ஒருவரை மட்டம் தட்டும் ஆசையில் தானாக நடந்தது. மருந்துக் கடையில் விற்காத மருந்து இது. கட்டைவிரல் உள்ளங்கையிலிருந்து வெளியே வந்தது. மணிக்கட்டு தூக்க வந்தது. ஒரு காலையில் கரண்டியை வலது கைக்கு மாற்றிச் சாப்பிட்டார். சட்டையெல்லாம் சிந்தியது, நான் துடைக்கப் போகவில்லை.

"விரல் தனித்தனியா இனி வருமா சிஸ்டர்?" என்று மனைவி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார்.

"வராதுன்னுதான் நினைக்கறேன். ஆனா கை சுருளாது."

"போதும்," என்றார் அவர். "இந்த விரல வச்சு இதுவரைக்கும் வீட்டுக்கு என்ன பண்ணிட்டாரு."

மூலையில் பார்க்கப் பேஸ் இருக்காது என்று கூட்டாளிகள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். தன் வீட்டுக்கு வரவேண்டிய பேஸைக் காணாமல் பல் டாக்டர் தேடிக்கொண்டு வந்த சனிக்கிழமைதான் எனக்கு அந்த வீட்டில் கடைசி நாள். நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். விரல்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பிக்கை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். பழைய தந்திக்குத் தடித்த பிக்தான் சரி, மெல்லியது போட்டால் டோன் செத்துவிடும், இத்தனை நாள் யாருக்கும் இது புரியவில்லை.

"விரல்ல வாசிக்கறதெல்லாம்," என்றார், "மணிக்கட்டு இல்லாதவன் பண்ற வேல."

"அதத்தான் நானும் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன்," என்றார் பல் டாக்டர்.

பக்கத்தில் நின்ற மச்சான் வாயைத் திறந்தார். "நீ சும்மா இரு, உனக்கு ரெண்டும் கிடையாது," என்றார் அத்தான்.