சுவரில் இரண்டு சின்னங்கள்

குச்சனூர் தாண்டியதும் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சாலையோரம் ஒரு அக்கா திராட்சை விற்கிறார். அவருக்குப் பின்னால் உள்ள சுவரில் பூட்டு சாவிச் சின்னம் வெளிறிப்போய்க் கிடக்கிறது. பக்கத்தில் வேறொரு சின்னம், புதுப் பெயிண்டில். இரண்டுக்கும் மேலே ஒரே பெயர்.

இறங்கி நிற்கும் நான் கேட்கிறேன்: "ரெண்டுலயும் இவரேதான் நின்னாரா?"

"ஆமா தம்பி. பஞ்சாயத்துத் தலைவருக்கு மூணு தடவ பூட்டு சாவியில ஜெயிச்சாக. இப்பக் கட்சிச் சின்னத்துல நின்னு, எம்.பி.யாகி டெல்லிக்குப் போயிட்டாக."

"சொந்த ஊரு அள்ளிப் போட்டிருக்குமே?"

தராசைக் கீழே வைக்கிறார். "அங்கனதான் கோளாறு. இந்தத் தடவ எலக்சன் ஆபீசுல எவனோ ஒரு சுயேச்சைக்குப் பூட்டு சாவியக் குடுத்துட்டாக. எங்க சனம் பழக்கதோசத்துல அதையே அமுக்கிருச்சு. வெளியூரு ஓட்டுல ஜெயிச்சவுக, எங்க ஊருப் பெட்டியில தோத்துட்டாக."

"அவரு ஒண்ணும் கேக்கலயா?"

"நன்றி சொல்ல வந்தப்பக் கேட்டாக, 'இங்கன எனக்கு யாருய்யா போட்டது?'ன்னு. ஊரே கையத் தூக்குச்சு. நானுந்தேன்."

"நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"அவுகளுக்குத்தேன். வேற யாருக்கு?"

திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டிச் சுவரைக் காட்டுகிறார். விரல் நேராகப் பூட்டு சாவியில் போய் நிற்கிறது.