ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்த காற்று

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மணிக்கொரு முறை அளந்து பதிவேட்டில் எழுதும் வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் அலுப்பு சொல்லாமலே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் எனக்கு அதுதான் உத்தியோகம். ரேடியோ அலையை மேலே அனுப்புவோம். நூறு கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்பி வருகையில் அது மங்குவதும் தெளிவதும் மூன்று ஏரியல் கம்பங்களில் முன்பின்னாகத் தெரியும். அதை வைத்து அங்கே காற்று என்ன வேகம் என்று கணக்குப் போட வேண்டும்.

மேலே என்ன சோலி?

கீழே மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி கிராமத்திலிருந்து மூட்டையோடு நடந்தே ஏறி வரும் ஒருவர் எங்கள் வேலியோரம்தான் இளைப்பாறுவார். "மழை வருமாங்க?" என்பார். மழை மேகமெல்லாம் வெகு கீழே, நாங்கள் பார்க்கும் உயரத்தில் கடலைப் போலக் காற்றுக்கும் தினசரி ஏற்ற இறக்கம் உண்டு என்று ஒரு நாள் விளக்கினேன். பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

"அம்புட்டு ஒசரத்துல ஒங்களுக்கு என்ன சோலிங்க? தலைக்கு மேல நிக்கிற மேகத்தைக் கேட்டா தெரியாதுங்குறீங்க!"

யாரோ ஒருத்தர்

ஏற்ற இறக்கம் பார்க்க ஒரு மணிகூட விடுபடக் கூடாது. ஆள் இரண்டே பேர். கூட வேலை பார்த்த அருள்ராஜ் ஞாயிறு பூசைக்குப் போனால் இரவுதான் திரும்புவார். அதனால் ஞாயிறு பகல் முழுக்க என் தலையில். மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் டீச்சராக இருந்த என் மனைவிக்கோ அன்று மட்டும்தான் லீவு. கைக்குழந்தையோடு முதல் பஸ்ஸில் வருவாள், மூன்று மணி பஸ்ஸில் மலையிறங்கிவிடுவாள். நான் கருவிக்கும் குவாட்டர்ஸுக்குமாக ஓடிக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிறு மகளைத் தூக்கினேன், வீறிட்டு அழுதாள். மனைவி அவளை வாங்கிக்கொண்டாள்.

"பிள்ள ஒங்கள யாரோன்னு நெனக்குதுங்க. வெரசா ஓடுங்க, ஒங்க மிஷின் தேடும்."

ஏழு நாள் அலை

அடுத்த ஞாயிறிலிருந்து பகலில் கருவிப் பக்கமே நான் போகவில்லை. சாயங்காலம் உட்கார்ந்து, விடுபட்ட மணிகளுக்கெல்லாம் சந்தேகம் வராதபடி கொஞ்சம் மாற்றி மாற்றிச் சின்னச் சின்ன வேகங்களாக எழுதிவைத்தேன். மகள் என் மடியில் தூங்கப் பழகினாள்.

நாலு மாதம் கழித்து எங்கள் ஆபீசர் வரைபடத்தோடு வந்தார். பூமியையே சுற்றி வரும் பெரிய காற்றலைகள் ஐந்து நாளுக்கொன்று, பதினாறு நாளுக்கொன்று என்று உண்டு. இவருக்கு அகப்பட்டது ஏழு நாள் அலை. வாரம் ஒரு நாள் காற்று ஓய்கிறதாம்! கட்டுரையை டைப் அடிக்கவும் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் என் பொய் அவர் பெயரில் அச்சாகும். மகள் அழுததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் வரைபடத்தை மேசையில் விரித்தார். ஞாயிறுகளை ஒவ்வொன்றாகச் சிவப்பு மையால் அடித்தார். கட்டுரையைத் திரும்ப வாங்கி மேசைக்குள் போட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்.

"இனிமே ஞாயித்துக்கிழம நான் ஒக்காந்து எழுதுறேன். அந்தப் புள்ளய ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, என் அலைய நானும் பாத்துக்கிறேன்."

மேல்காற்றை அத்தனை வருஷம் அளந்ததில் நான் அடித்துச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அதற்கு ஞாயிறு லீவு கிடையாது.