பதுங்குகுழியில் படுத்தவன்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். கண்ணால் பார்த்தவள் நான். அதை இன்றுவரை ஒருவரும் எனக்கு விளக்கிச் சொன்னதில்லை.

காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினால் மற்றவர்கள் கடல், மலை என்று போவார்கள். என் தம்பிக்குப் போர்க்களம்தான் வேண்டும். எனக்கு மொழி தெரியாத நாட்டில் ஒவ்வொரு போர்க்களமாக என்னை இழுத்துக்கொண்டு அலைந்தான். "செத்தவங்க சண்டை போட்ட இடத்துல பார்க்க என்னடா இருக்கு?" என்று திட்டிக்கொண்டே நானும் போனேன்.

அன்று பிற்பகல் மூன்று மணி. நல்ல வெயில். பழைய பதுங்குகுழி ஒன்று, இடுப்பளவு ஆழம். எங்களைத் தவிர ஆள் இல்லை.

"அக்கா, செத்த மாதிரி படுக்கிறேன். ஒரு போட்டோ எடு."

"உனக்குப் புத்தி இருக்கா?"

கேட்டால்தானே! உள்ளே இறங்கி மல்லாந்து படுத்தான். எடுத்துத் தொலைத்தேன். வாடா என்றேன். எழவில்லை. நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். அப்புறம் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பே இல்லை.

"அக்கா... என் மேல யாரோ படுத்திருக்காங்க."

யாருமே இல்லை. ஆனால் அவன் சட்டை நெஞ்சோடு அழுந்திக் கிடந்தது.

தொப்...

மூட்டையை இறக்கியது போலச் சத்தம். அவன் முனகினான்.

"இன்னொருத்தர்..."

தொப்...

விளிம்பில் மண்டியிட்டு அவன் கையைப் பிடித்து இழுத்தேன். "தம்பி! தம்பி!" என்று கத்தினேன். நோஞ்சான் பயல், இம்மிகூட அசையவில்லை. ஆளைக் கூப்பிட ஓடலாம் என்றால், இவனை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

அவன் உதடு நீலமாகிவிட்டது.

"இழுக்காதக்கா... இழுக்க இழுக்க... நெருக்குது..."

நான் என்ன செய்வேன்?

கையை விட்டேன்.

அந்த நொடியே அவனுக்கு மூச்சு வந்தது. எழுந்து உட்கார்ந்தான்.

போர்க்கள வாசலில் இருந்த காவலாளி எங்களைப் பார்த்ததுமே தண்ணீர் கொடுத்தார். அவர் பேசும் மொழி தம்பிக்குக் கொஞ்சம் புரியும். கேட்டு எனக்குச் சொன்னான்.

"அந்தக் காலத்துச் சண்டையில மூணு பேர் செத்து ஒருத்தன் மேல விழுந்துட்டாங்களாம். அடியில கிடந்தவனை மறுநாள்தான் எடுத்தாங்களாம். அதுக்கப்புறம் ரெண்டு நாள் உயிரோட இருந்தானாம். மேல நின்னு ஒரு பொம்பளை கையைப் பிடிச்சு இழுத்தாள்னு சொல்லிட்டே இருந்தானாம். அந்தப் பக்கமே பொம்பளைங்க கிடையாதாம்."

காவலாளி இன்னும் ஏதோ சொன்னார். அவள் ஒரே வார்த்தையைத்தான் கத்தினாளாம். அந்த வார்த்தை என்னவென்று இங்கே யாருக்கும் தெரியாதாம். அவரே அதைச் சொல்லிக் காட்டினார்.

"தம்... பி."

காவலாளி மேலும் பேசிக்கொண்டே போனார். தம்பி எனக்குச் சொல்வதை நிறுத்திவிட்டான்.

"அப்புறம் என்னடா? சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கையை விட்டுட்டாளாம்க்கா. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா வெளிய வந்திருப்பேன்னு... சாகிற வரைக்கும் அழுதானாம்."