ஒரு வார்த்தைக்காக நின்ற மெஷின்

கொரோனா ஊரடங்கு முடிந்து ஐ.டி. கம்பெனிகள் எல்லோரையும் மறுபடி ஆபீசுக்குக் கூப்பிட்ட சமயம் அது. நான் வேலையை விட்டுவிட்டு, பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே வெப்சைட் வடிவமைக்கும் வேலையைத் தொடங்கியிருந்தேன். கழிவறை சுத்தம் செய்யும் ஆசிட் தயாரிக்கும் சின்ன கம்பெனி ஒன்று பொம்மசந்திராவிலிருந்து என்னைத் தேடி வந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் புதிதாக விற்கப் போவதால், இங்கிலீஷோடு தமிழ்ப் பக்கமும் வேண்டும் என்றார் முதலாளி. வாசகங்களை அவர் ஆபீசிலேயே யாரோ மொழிபெயர்த்து அனுப்பினார்கள்.

மறுநாள் காலை டீலர்கள் கூட்டத்தில் வெப்சைட்டை வெளியிட வேண்டும். கடைசியாக ஒருமுறை முழுவதும் படித்துப் பார்க்கிறேன் என்று போனில் சொன்னேன். அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"போட்டோவப் பாப்பாங்க, போன் நம்பரப் பாப்பாங்க. அதெல்லாம் யாரு மேடம் படிக்கப் போறாங்க?"

நான் கன்னட மீடியத்தில் படித்தவள். தமிழ், வீட்டில் அப்பா சொல்லிக்கொடுத்தது. இன்றைக்கும் எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். அப்படி, மத்தியானச் சாப்பாடு முடிந்து, இங்கிலீஷை ஒரு பக்கமும் தமிழை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு படித்தபோதுதான் அந்த வரியில் கண் நின்றது. 'பிளீச்சிங் பவுடருடன் கலக்கிப் பயன்படுத்தவும்.' இங்கிலீஷில் கலக்கவே கூடாது என்று இருந்தது. இரண்டையும் கலந்தால் கிளம்பும் புகையில் மூச்சு அடைத்துவிடும்.

உடனே முதலாளியைக் கூப்பிட்டேன்.

"ஒரு வார்த்தைதானே மேடம். கூட்டம் முடியட்டும், மாத்திக்கலாம்."

"சார், இதப் படிச்சிட்டு யாராவது பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டு ரெண்டையும் கலக்கினா என்ன ஆகும்?"

"பாட்டில் லேபிளுக்கும் இதே மேட்டரத்தான் குடுத்திருக்கோம். இன்னிக்கு பிரிண்ட் ஆகுது" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

அச்சகம் சிவாஜிநகரில். அவர் ஓசூர் ரோடு டிராஃபிக்கில். அச்சகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. "நான் போறேன் சார்" என்று ஸ்கூட்டியை எடுத்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது அச்சகம். மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் போன் மணி கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நான் சொன்னதைக் கேட்டும் அவர் அசையவில்லை.

"ஸ்வல்ப இரி, கொஞ்சம் இருங்க மேடம். ஆர்டர் குடுத்த பார்ட்டி சொல்லாம நான் எப்டி நிறுத்துறது?"

லேபிளைக் கையில் எடுத்து, அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் கன்னடத்தில் அர்த்தம் சொன்னேன். "உங்க வீட்டுல இத வாங்கினா, எழுதியிருக்கற மாதிரிதானே பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

அவர் லேபிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய் ஸ்விட்சை அணைத்தார்.

வேர்க்க விறுவிறுக்க முதலாளி வந்து சேர்ந்தபோது, அடித்த லேபிள்களை எல்லாம் ஓர் ஓரமாகக் கட்டிவைத்திருந்தோம். ஒன்றுகூட பாட்டிலில் ஏறவில்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, 'எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது' என்று நான் எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தார்.

மறுநாள் கூட்டத்தில், திருத்திய வெப்சைட்டைத் திரையில் காட்டினேன். நன்றாக இருக்கிறது, யார் செய்தது என்று ஒரு டீலர் கேட்டார். முதலாளி எழுந்து நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். "டிசைன் பண்ண நெறைய பேரு இருக்காங்க. இவங்க நம்ம பேரக் காப்பாத்தினவங்க" என்றார். கைதட்டல் கேட்டபோது எங்கே பார்ப்பதென்று தெரியாமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனையோ அழகான பக்கங்களை அதற்குப் பிறகு வடிவமைத்துவிட்டேன். ஆனால் ஏதோ ஒரு வீட்டில், யாரோ ஒருவர் நான் எழுதிய அந்த வரியைப் படித்துவிட்டுப் பவுடர் டப்பாவைத் தள்ளி வைப்பார் என்று நினைக்கும்போது வருகிற பெருமை, வேறு எதிலும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.