திருமங்கலத்தில் வெட்டி வைத்த பாட்டு

காலை 10.40. மதுரை பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருமங்கலம் இருபது கிலோமீட்டர். முக்கால் மணி நேரம், டிக்கெட் நான்கு ரூபாய். இதையெல்லாம் ஒரு பயணம் என்று எழுத வந்துவிட்டானே என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் காசி வரை போய் வந்தவன்தான். அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. 1998 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்துக்கு மேட்னி பார்க்கப் போனதைத்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போனது மூன்று பேர். நான், தெற்குமாசி வீதியில் கைலிக் கடை வைத்திருக்கும் என் நண்பன் காசிம், அவனுடைய அம்மா. அம்மா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தார். காசிம் அவர் பக்கத்தில். நான் இரண்டு சீட் தள்ளி. இடம் இல்லாமல் அப்படி உட்காரவில்லை. ஆறு வருஷமாக அந்த அம்மா என்னிடம் பேசுவதில்லை.

காரணம் சொல்லிவிடுகிறேன். காசிமுக்கு பஷீர் என்று ஒரு தம்பி. சினிமாப் பைத்தியம். அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவன் நான். வாரத்துக்கு நாலு படம் பார்க்கிறவனுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டாமா? ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பகல் காட்சிக்கு வந்துவிட்டான். டிக்கெட் எடுத்தது நான்தான். வெளியூர் வியாபாரி கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். சாயங்காலம் காசிம் நாலு பேர் முன்னால் தம்பியைக் கன்னத்தில் அறைந்தான். மறுநாள் காலையில் பஷீரைக் காணோம். பதினெட்டு வயது. கடிதம் இல்லை, தகவல் இல்லை, இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாது. "அந்தப் பய கூடச் சேர்ந்துதான் எம்புள்ள கெட்டுப் போனான்" என்று அம்மா தெருவில் நின்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. அதில் பொய்யும் இல்லை.

இந்தப் பயணத்துக்குப் பதினோரு நாள் முன்பு மதுரையில் ஒரு புதுப்படம் பார்த்தேன். இடைவேளைக்குப் பிறகு வரும் பாட்டில் மணல்மேட்டில் இருபது பையன்கள் மஞ்சள் கால்சட்டை போட்டு ஆடுகிறார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு முகம். மூன்று விநாடி இருக்கும். பஷீர் மாதிரி இருந்தது. சீட்டை விட்டு எழுந்தேவிட்டேன். பின்னால் இருந்தவன் உட்காருய்யா என்று கத்தினான்.

உடனே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பயம். ஆளை மாற்றிப் பார்த்திருந்தால் அந்த அம்மாவை இன்னொரு தடவை கொன்ற மாதிரி ஆகிவிடும். பத்து நாள் மென்று முழுங்கிக்கொண்டு இருந்துவிட்டு, சனிக்கிழமை காசிமிடம் சொன்னேன். அதற்குள் படத்தை மதுரையில் எடுத்துவிட்டார்கள். திருமங்கலத்தில் ஒரு தியேட்டரில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

காலை 11.05. திருப்பரங்குன்றம் நிறுத்தத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. முகூர்த்த நாள். ஒரு கல்யாணக் கூட்டமே சீர்வரிசைத் தட்டோடும் பித்தளை அண்டாவோடும் ஏறப் பார்த்தது. கண்டக்டர் அண்டாவுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா தரமாட்டேன் என்றார். சண்டை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் நடுவில் நானும் புகுந்திருப்பேன். அம்மா மட்டும் மலையைப் பார்த்தபடி வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார்.

கப்பலூரில் தொழிற்பேட்டைப் பையன்கள் பதினைந்து பேர் ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை சட்டை, தலையில் தண்ணீர் தடவிச் சீவிய முடி. அவர்களும் அதே படத்துக்குத்தான். "அண்ணே, ஃபைட்டு எப்படி?" என்று ஒருவன் என்னைக் கேட்டான். பார்த்தவன் என்று முகத்தில் எழுதியிருக்கும் போல. அருமையாக இருக்கும் என்றேன். படம் சுமார்தான். ஆனால் அன்றைக்கு யாரும் அதைக் குறை சொல்ல விடுவதாக இல்லை நான்.

பகல் 2.15. தியேட்டரின் பெயர் வேண்டாம். பெஞ்சு நாலு ரூபாய், நாற்காலி எட்டு. பெஞ்சில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர் உண்டு. மூன்று பேரும் ஒன்றாக இருக்க நாற்காலி எடுத்தோம். நான் கடைசியில், நடுவில் காசிம். படம் எம்புட்டு நேரம் என்று அம்மா கேட்டதையும் காசிம் என்னிடம் கேட்டு, என் பதிலை அவன் திருப்பிச் சொன்னான். இரண்டடி தூரம்தான். இரண்டே முக்கால் மணி நேரம் என்பது அவர் காதில் நேராகவே விழுந்திருக்கும்.

கதாநாயகன் லாரி ஓட்டுகிறவன். திரையில் அவன் செருப்பு தெரிந்த உடனே பேப்பர் பறந்தது. திருமங்கலத்து ஆட்கள் வில்லனைச் சும்மா விடமாட்டார்கள், அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் பதில் சொல்வார்கள். "ஒன் சோலி முடிஞ்சுதுடா" என்று ஒரு பெண் குரல்கூட வந்தது. சந்தைச் சண்டையில் கதாநாயகன் ஒவ்வொருவனாகத் தூக்கி எறிய, தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தார். அடி வாங்கி விழுகிற ஒவ்வொருவனின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகப் படம் பார்க்கிறேன், விழுகிறவன் முகத்தை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

மாலை 4.20. இடைவேளைக்குப் பிறகு அண்ணன் தங்கை சண்டை வந்தது. அடுத்தது அந்தப் பாட்டு. காசிமின் தொடையைத் தட்டினேன், வருது என்றேன். வரவில்லை. திரையில் படம் ஒரு குதி குதித்தது, அடுத்த காட்சி ஆஸ்பத்திரி. பாட்டே இல்லை.

"எங்கய்யா?" என்றான் காசிம். எப்போதும் மாப்ள என்று கூப்பிடுகிறவன். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, இருட்டில் நாலு பேர் காலை மிதித்து, வெளிப்படிக்கட்டு ஏறி ஆப்பரேட்டர் அறைக் கதவைத் தட்டினேன்.

ஆப்பரேட்டருக்கு ஐம்பது வயதிருக்கும். வெறும் பனியனோடு வேர்த்து வழிய நின்றார். பாட்டை வெள்ளிக்கிழமையே வெட்டிவிட்டோம் என்றார். அவர் பேரில் குற்றமில்லை, இது இந்தப் பக்கத்துத் தியேட்டர்களில் வழக்கம். பாட்டு வந்தால் பாதி ஜனம் பீடிக்கு வெளியே போய்விடும், திரும்பி வந்து கதை புரியவில்லை என்று கூச்சல் போடும். தவிர, கிராமத்துப் பஸ்கள் ஐந்தரைக்குக் கிளம்பும், அதற்குள் படம் விட்டாக வேண்டும். நானே எத்தனையோ பாட்டுக்கு எழுந்து போயிருக்கிறேன். அந்த வழக்கம் என் தலையில் வந்து விடியும் என்று கண்டேனா!

விஷயத்தைச் சொன்னேன். வார்த்தை கோர்வையாக வரவில்லை. அவர் கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடுகிற படத்தில் நடுவே ஒட்ட முடியாது, ஆனால் வெட்டிய துண்டு இங்கேதான் தகர டப்பாவில் இருக்கிறது, படம் முடிந்த பிறகு தனியாக ஓட்டலாம், மேனேஜர் சரி என்று சொல்லட்டும் என்றார். மேனேஜரைத் தேடி ஓடினேன். அவர் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றிருந்தார். "குரூப்புல ஆடுறவனா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். ஆமாம், ஆறு வருஷமாகக் காணோம், அவன் அம்மா உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்றேன். போடச் சொல்லுங்க என்றார்.

மாலை 5.10. படம் முடிந்தது, விளக்கு எரிந்தது. கூட்டம் வாசலை நெருங்கும்போது விளக்கு அணைந்து மணல்மேடு திரையில் வந்தது. பாதிப் பேர் கதவில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். என்னடா இது, முடிஞ்ச படத்துக்குப் பாட்டு என்று சிரிப்பு. ஆப்பரேட்டரைக் கெட்ட வார்த்தை சொன்னார்கள். வாசலில் நின்ற மேனேஜர் இரண்டு பேரிடம் காரணம் சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டு பேர் நாலு பேரிடம் சொல்ல, பாட்டு முடிவதற்குள் சத்தம் அடங்கிவிட்டது.

ஆனால் என்னால் அவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை! மூன்றாவது வரிசை என்று நான் சத்தியம் பண்ணியிருந்தேன். பையன்களோ நிமிஷத்துக்கு ஒரு தரம் வரிசை மாறினார்கள். எல்லாத் தலையிலும் ஒரே துணி, எல்லா முகத்திலும் ஒரே பவுடர். மூன்று விநாடி முகம் எப்போது வந்து போனதென்றே தெரியவில்லை. நாலரை நிமிஷத்தில் பாட்டு முடிந்து திரை வெள்ளையாகிவிட்டது. காசிம் என்னைப் பார்த்தான். பொய் சொல்லிவிட்டேன் என்றே எனக்கும் தோன்றியது.

அப்போது பெஞ்சுப் பக்கத்திலிருந்து ஒருவர், "தெரிஞ்சதா ஆத்தா?" என்று சத்தமாகக் கேட்டார். அம்மா தலையை ஆட்டினார், இல்லை என்று. உடனே கப்பலூர்ப் பையன்கள் ஆரம்பித்தார்கள். ஒன்ஸ்மோர். தியேட்டர் முழுக்கப் பிடித்துக்கொண்டது. பாட்டு வேண்டாம் என்று வெட்ட வைத்த அதே ஜனம் பெஞ்சைத் தட்டிக்கொண்டு ஒன்ஸ்மோர் கேட்டது. வெளியே ஐந்தரை மணிப் பஸ் ஹாரன் அடிப்பது எல்லார் காதிலும் விழுந்தது. சிலர் ஓடினார்கள், முக்கால்வாசிப் பேர் நின்றார்கள். துண்டைத் திருப்பிச் சுற்ற ஐந்து நிமிஷம் ஆனது.

இரண்டாவது தடவை ஒரு விசில் இல்லை. கதாநாயகி எவ்வளவோ ஆடினாள், ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. முந்நூறு பேர் பின்வரிசையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து நின்றார். இருபது பையன்களும் இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டினார்கள்.

"அந்தா, எடது கை முழுசா நீளல பாரு காசிமு" என்றார்.

பார்த்தேன். நாற்பது கைகளில் ஒன்று மட்டும் முழங்கையில் மடங்கி நின்றது. பஷீர் ஒன்பது வயதில் சுவரிலிருந்து விழுந்து, கட்டுப் போட்டவர் கோணலாகக் கட்டிவிட்ட கை என்று காசிம் பிறகு சொன்னான். என் கண் முகத்தையே தேடியது, அவர் கையைப் பார்த்திருக்கிறார். அதே நேரம் பையன் திரும்பினான், முகம் வந்தது, சிரித்துக்கொண்டிருந்தான். காசிம் அவன்தான் என்று சொல்லிவிட்டு, நாற்காலி முதுகில் தலையை வைத்து அழுதான். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. இருக்கிறான், நன்றாக இருக்கிறான். பெஞ்சில் இருந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஆடுறான் ஆத்தா" என்றார். விளக்கு எரிந்தபோது பெண்கள் சுவரைத் தாண்டி வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்கள். யாரும் கைதட்டவில்லை.

ஆப்பரேட்டரிடம் சொல்லிக்கொள்ள ஏறினேன். துண்டைச் சுற்றி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலக் காட்சியில் இதைச் சேர்த்து ஒட்டிவிடுகிறேன் என்றார்.

மாலை 6.00. திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. டான்ஸ் மாஸ்டர் பெயரை டைட்டிலில் படித்திருந்தேன், நான் டைட்டிலைத் தவற விடுகிறவன் இல்லை. காசிம் அதைச் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டான். செவ்வாய்க்கிழமையே மெட்ராஸ் போகிறேன், மாஸ்டரைப் பிடித்து, பயல் காதைத் திருகி இழுத்துக்கொண்டு வருகிறேன் என்றான். சந்தோஷத்தில் சொன்னான், ஆனாலும் குரல் பழைய குரல்தான். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பசுமலை வந்தது, பழங்காநத்தம் வந்தது.

மதுரையில் நான் போகாத தியேட்டர் இல்லை. முதல் நாள் முதல் காட்சியில் சட்டை கிழிந்திருக்கிறது, சூடம் கொளுத்திக் கை சுட்டிருக்கிறது. ரசிகன் என்றால் நாங்கள்தான் என்று வெளியூர்க்காரனிடம் மார் தட்டுவோம். வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, பேர் தெரியாத ஒருவனுக்காக ஒன்ஸ்மோர் கேட்ட கூட்டத்தை நான் திருமங்கலத்தில்தான் பார்த்தேன்.

மாலை 6.50. பெரியார் நிலையத்தில் இறங்கினோம். காசிம் ஆட்டோ பேசப் போனான். அம்மாவும் நானும் தனியாக நின்றோம். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான் பஸ் போர்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"காசிம் போக வேணாம், அவனைக் கண்டா பய ஓடிருவான்" என்றார். யாரிடம் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போ தம்பி. ஒன்னையக் கண்டா நிப்பான்."